அண்ணனுக்கும் எனக்கும் பொருந்தியது

மங்குஸ்தீன் பழத்தின் தோலை நசுக்கினால் விரலில் ஒரு நிறம் ஒட்டிக்கொள்ளும். கருஞ்சிவப்புமில்லாத, ஊதாவுமில்லாத நிறம். எத்தனை தேய்த்தாலும் சட்டென்று போகாது. அந்த நிறத்தில் அண்ணனின் இடது முன்கையில் நான்கு தடங்கள் இருந்தன. தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு முன்னால் லாரியை நிறுத்திவிட்டு, வெயில் ஏறியதால் சட்டைக் கையை மடக்கிக்கொண்டிருந்தான். நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தேன். அம்மா கொழுந்து பறிக்கும் நிரையில் நின்றதால் அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோனது நான்தான். "எங்கண்ணே இடிச்சிக்கிட்ட?" என்று கேட்டேன். அவன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல. "எங்கயும் இடிக்கல பாப்பா. தானா வருது, தானா போயிருது" என்றான். பிறகு மடக்கிய கையை இறக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டான். அவ்வளவுதான். நான் சாப்பாட்டுத் தூக்கை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். அதைப் பற்றி அதற்குப் பிறகு பல ஆண்டுகள் நினைக்கவேயில்லை.

எங்கள் தோட்டம் ரிங்லெட்டிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறும் வழியில் இருக்கிறது. அண்ணன் அங்கே கொழுந்து லாரி ஓட்டினான். எனக்கு ஐந்து வயது மூத்தவன். மலையின் மடிப்புகளில் போட்டிருக்கும் மண்பாதைகளில், ஒரு சக்கரம் விளிம்பிலிருந்து ஒரு முழம் தள்ளியிருக்க, அவன் வண்டியை இறக்குவதைப் பார்க்கப் புதிதாக வந்த பங்களாதேஷ் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு நிற்பார்களாம். கொழுந்து கசங்கினால் சூடேறிப் பழுத்துவிடும். தொழிற்சாலைக்குப் போய்ச் சேரும்போது மூட்டையின் நடுவில் கைவிட்டுப் பார்த்தால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். அண்ணன் கொண்டுவரும் மூட்டைகள் அப்படித்தான் இருக்கும் என்று தொழிற்சாலையில் சொல்வார்கள். இறக்கத்தில் அவன் பிரேக்கை நம்புவதில்லை. சின்ன கியரில் போட்டு, என்ஜின் முனக முனக, வண்டியை அதன் போக்கிலேயே மெல்ல இறக்குவான். பேச்சும் அப்படித்தான் இருக்கும். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

முதலில் பல் ஈறில் இரத்தம் வந்தது. பிறகு ஒரு நாள் மூக்கிலிருந்து வந்த இரத்தம் இரண்டு மணி நேரம் நிற்கவில்லை. தானா ராத்தா கிளினிக்கிலிருந்து ஈப்போ ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்கள் மிகவும் குறைந்திருப்பதாகவும், உடம்பே அவற்றை அழித்துக்கொண்டிருப்பதாகவும் சொன்னார்கள். ஏன் அழிக்கிறது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை. மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரையில் இரத்தம் நின்றது. ஆனால் ஒரு மாதத்தில் முகம் பொதுபொதுவென்று வீங்கியது. கை நடுங்கியது. தூக்கம் கெட்டுக் கண் சிவந்தது. அது அடங்கியதும் வயிறு கெட்டது. சாப்பிட்டது எதுவும் தங்கவில்லை. அவன் எம்.சி. எடுக்கும் நாட்கள் கூடின. கிளினிக்கில் எழுதிக்கொடுக்கும் அந்தச் சீட்டை மேனேஜரிடம் நீட்டும்போதெல்லாம் அவர் அதைப் பார்க்காமல் அண்ணன் முகத்தைப் பார்ப்பாராம். வீங்கிய முகம், சிவந்த கண், நடுங்கும் கை, வேலைக்கு வராத திங்கட்கிழமைகள். தோட்டத்தில் இவற்றுக்கு ஒரே ஒரு பொருள்தான் உண்டு.

அந்தப் பொருளை எங்கள் வீடு முன்பே அறிந்திருந்தது. அப்பா எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது இறந்தார். குடித்தார் என்பது உண்மை. கடைசி இரண்டு வருடங்களில் எலும்பாக இளைத்து, வாந்தி எடுத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தே கிடந்தார். "சம்சு குடிச்சே செத்தான்" என்று லயத்து வீடுகளில் எல்லோரும் சொன்னார்கள். பள்ளியில் ஒரு பெண் என்னைச் சம்சுக்காரன் மகள் என்றே கூப்பிட்டாள். அண்ணன் ஒரு சொட்டு தொட்டதில்லை என்று சத்தியம் செய்யக்கூடியவளாகத்தான் நான் வளர்ந்தேன். ஆனால் நான் படித்து முடித்து ரிங்லெட் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக வந்து சேர்ந்தபோது, அந்தச் சத்தியம் எனக்குள்ளேயே ஆட்டம் கண்டிருந்தது. வீட்டில் அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை. என்னவென்று கேட்டால் "வயிறு சரியில்ல" என்பான். அப்பாவும் அதைத்தான் சொல்வார்.

ஒரு பிற்பகல், பள்ளி விட்டதும், நான் ஏரிக்கரை ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். அணைக்கட்டுத் தண்ணீர் அன்று சேற்று நிறத்தில் கலங்கியிருந்தது. சிறிது தூரத்தில் எங்கள் தோட்டத்து லாரி சாலையோரம் கோணலாக நின்றது. கதவு திறந்து கிடந்தது. வண்டியில் ஆள் இல்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புதருக்குள்ளிருந்து அண்ணன் வந்தான். வாயைப் புறங்கையால் துடைத்தான். லாரியின் பக்கவாட்டைப் பிடித்துப் பிடித்து நடந்து, படியில் ஏற முடியாமல் இரண்டு முறை கால் வழுக்கி, பிறகு ஏறி உட்கார்ந்து, ஸ்டீரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டான். எங்கள் பள்ளிப் பிள்ளைகள் முப்பது பேராவது அந்தச் சாலையோரமாகத்தான் வீட்டுக்கு நடப்பார்கள். நான் அவனிடம் போகவில்லை. போய்க் கேட்டிருக்கலாம். இருபது எட்டுகூட இருக்காது. பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

மறுநாள் தோட்ட ஆபீசுக்குப் போனேன். கிராணி அப்பாவின் காலத்திலிருந்தே அங்கே கணக்கெழுதுபவர். எங்களைக் குழந்தையிலிருந்து அறிந்தவர். "ஐயா, அண்ணன லாரியிலேருந்து எறக்கிருங்க" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா?" என்றார். "ரோட்டுல பிள்ளைங்க நடக்குதுங்க. நேத்து நானே பாத்தேன். நிதானத்துல இல்ல." அவர் பேனாவை மூடி வைத்தார். "தண்ணியா?" என்று மெதுவாகக் கேட்டார். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. "நீ சொன்னா சரியாத்தான்லா இருக்கும். டீச்சராச்சே" என்றார்.

அடுத்த வாரம் அண்ணனைத் தொழிற்சாலையின் மாடியில் கொழுந்து வாட்டும் இடத்துக்கு மாற்றினார்கள். நீளநீளமான தொட்டிகளில் கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து காற்றுவிட்டு வாட்டுவார்கள். அதைப் புரட்டிவிடுவதுதான் வேலை. அவன் மறுபேச்சுப் பேசாமல் சாவியைக் கொடுத்துவிட்டு மாடி ஏறினான். வீட்டில் அம்மா அழுதபோது, "வண்டிய வேற ஆளு கேட்டாங்களாம்மா, அதான்" என்று சொன்னான். அவனுக்குப் பேசி முடித்திருந்த கல்யாணம் அந்த மாதமே நின்றுபோனது. பெண் வீட்டார் காரணம் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. எட்டு வருடங்கள் அவன் அந்த மாடியில் வேலை செய்தான். அந்த எட்டு வருடங்களும் ஊர் அவனைக் குடிகாரன் என்றே வைத்திருந்தது. நான் தினமும் அவனோடு ஒரே வீட்டில் சாப்பிட்டேன்.

அவன் மாடியில் விழுந்த அன்று நான் வகுப்பில் இருந்தேன். கழுத்தின் இரு பக்கமும் கட்டிகள் முட்டை அளவுக்குப் புடைத்திருந்தன. எடை நாற்பது கிலோவுக்கு வந்திருந்தது. ஈப்போவில் புற்றுநோய் என்று பயந்து கோலாலம்பூருக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு சீன டாக்டரம்மா அவனுடைய பழைய சீட்டுகளையெல்லாம் மேசையில் வரிசையாகப் பரப்பி வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். தட்டணு, குடல், கட்டி, நுரையீரலில் ஒரு நிழல். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு மருந்து கொடுத்திருந்தார்கள். "இதெல்லாம் தனித்தனி நோயில்லை, ஒன்றுதான்" என்று மலாயில் சொன்னார். குடிப்பாரா என்று கேட்டார். அண்ணன் இல்லை என்று தலையாட்டினான். டாக்டர் தன் தாளில் குடிப்பதில்லை என்று எழுதினார். ஒரே நொடியில், எந்தச் சாட்சியும் கேட்காமல், அவன் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னால் அந்தப் பேனாவைப் பார்க்க முடியவில்லை.

கட்டி புற்றில்லை என்று தெரிந்தது. இரத்தத்தை மரபணுச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர மாதங்கள் ஆயின. வந்த அன்று டாக்டர் ஒரு வெற்றுத்தாளை எடுத்து எங்களுக்காக வரைந்தார். அறிவியல் ஆசிரியை என்று அவரிடம் சொல்லியிருந்ததால் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே விளக்கினார். அதன் பிறகு நானும் தேடிப் படித்தேன். படித்ததை இங்கே எளிமையாகச் சொல்கிறேன்.

நோய்க்கிருமியோடு போராடும் டி அணுக்கள் நம் இரத்தத்தில் இருக்கின்றன. அவை தாமாகச் சண்டைக்குப் போவதில்லை. காவல் பார்க்கும் வேறோர் அணு, ஆபத்து என்று தோன்றும்போது, தன் மேற்பரப்பில் ஒரு புரதத்தை நீட்டும். டி அணுவின் மேல் இருக்கும் ஓர் ஏற்பி அதைப் பற்றிக்கொண்டால் டி அணு கிளர்ந்தெழும், பெருகும், தாக்கும். தாக்குதல் ஓர் இடத்தில் நிற்க வேண்டுமல்லவா? அதற்காக டி அணு இன்னோர் ஏற்பியையும் வைத்திருக்கிறது. சி.டி.எல்.ஏ. நான்கு என்று பெயர். பெரும்பாலும் அணுவின் உள்ளேயே தங்கியிருக்கும். அணு கிளர்ந்தெழுந்ததும் மேலே வரும். ஒரே மாதிரியான இரண்டு பாகங்கள் ஒன்றோடொன்று பிணைந்து நிற்பதே அதன் வடிவம். ஒவ்வொரு பாகத்துக்கும் வெளியே ஒரு தலை, அணுச்சுவரைத் துளைத்து நிற்கும் ஒரு தண்டு, உள்ளே ஒரு சிறிய வால். தலையின் நுனியில் ஒரு வளைவு. அந்த வளைவில் புரோலின் என்ற அமினோ அமிலம் மூன்று முறை அடுத்தடுத்து வருகிறது. அங்கேதான் அது பற்றிக்கொள்கிறது. எதைப் பற்றுகிறது என்றால், தூண்டும் ஏற்பி பற்றுகிற அதே புரதத்தை. ஆனால் அதைவிடப் பல மடங்கு இறுக்கமாகப் பற்றுகிறது. பற்றுவதோடு விடுவதில்லை. காவல் அணுவின் மேலிருந்து அந்தப் புரதத்தையே பிய்த்து எடுத்து, தன் அணுவுக்குள் இழுத்து அழித்துவிடுகிறது. தூண்ட எதுவும் மிச்சமில்லாதபோது சண்டை அடங்குகிறது.

இந்த ஏற்பியைச் செய்யும் மரபணு அப்பாவிடமிருந்து ஒன்றும் அம்மாவிடமிருந்து ஒன்றுமாக நமக்கு இரண்டு பிரதிகள் வரும். அண்ணனுக்கு வந்தவற்றில் ஒன்று பாதி வழியில் அறுந்துபோன எழுத்து. அதிலிருந்து ஏற்பி உருவாகாது. மற்றதிலிருந்து மட்டும் உருவாகும். ஆகவே எல்லோருக்கும் இருப்பதில் பாதி அளவுதான் அவனுக்கு. பாதி போதாமல் அவனுடைய அணுக்கள் கிருமி போன பிறகும் நிற்காமல், தட்டணுவை, குடலை, நுரையீரலைத் தாக்கிக்கொண்டிருந்தன. டாக்டர் மலாயில் இதைச் சொல்லி முடித்ததும் அண்ணன் தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தான். என்னிடம் தமிழில் கேட்டான். "அப்ப பிரேக்கு இருக்கு. பாதிதான் பிடிக்குது. அதானே?" ஆமாம் என்றேன். "லாரியில அப்பிடின்னா மேல ஏறிறலாம். எறங்கத்தான் முடியாது" என்றான். சொல்லிவிட்டு, தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். முப்பத்தெட்டு வயதில், தனக்கு என்ன என்பதை ஒருவர் சொல்லி அவன் கேட்டது அன்றுதான்.

இரண்டு வழிகள் இருப்பதாக டாக்டர் சொன்னார். ஒன்று, அந்த ஏற்பியின் தலையைப் போலவே ஆய்வுக்கூடத்தில் செய்த புரதம். மாதம் ஒரு முறை நரம்பு வழியாக ஏற்ற வேண்டும். குறையும் பாதியை அது ஈடுகட்டும். ஆனால் காலம் முழுக்க ஏற்ற வேண்டும், தொற்று வராமல் காக்கவும் வேண்டும். இன்னொன்று, எலும்பு மஜ்ஜை மாற்றுவது. பொருத்தமான ஒருவரின் மஜ்ஜையிலிருந்து புதிய அணுக்கள் உருவானால் நோயே போய்விடலாம். உடன்பிறந்தவர்களிடம் முதலில் பார்ப்பது வழக்கம். அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் கையை நீட்டிவிட்டேன். அன்றே இரத்தம் எடுத்தார்கள், பொருத்தம் பார்க்க ஒன்றும், மரபணு பார்க்க ஒன்றும்.

பொருத்தத்தின் முடிவு முதலில் வந்தது. முழுப் பொருத்தம். உடன்பிறந்தவர்களுக்குள் நாலில் ஒருவருக்குத்தான் இப்படி அமையும் என்று நர்ஸ் தொலைபேசியில் சொன்னார். நான் பள்ளியிலிருந்து ஓட்டமாக வீட்டுக்குப் போனேன். அண்ணன் பின்வாசலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். சொன்னேன். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"அண்ணே, கிராணிகிட்டச் சொல்லி ஒன்னய லாரியிலேருந்து எறக்குனது நான்தான்."

"தெரியும் பாப்பா."

"எப்பிடி?"

"அவரே சொன்னாரு. 'ஒன் தங்கச்சியே சொல்லுதுடா, அது பொய் சொல்லுமா'ன்னாரு." கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தான். "வயித்தால போயிக்கிட்டே இருக்கு, அடக்க முடியல, லாரிய நிறுத்திட்டுப் பொதருக்குள்ள ஓடுறேன்னு அவருகிட்ட எப்பிடிச் சொல்ல? வெக்கமா இருந்திச்சி. குடிகாரன்னே நெனச்சிக்கட்டும்னு விட்டுட்டேன்."

நான் அழுதேன். அவன் என் தலையைத் தொடவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "நீ செஞ்சதும் ஒரு வகைக்குச் சரிதான்" என்றான். "அந்த வாரம் ரெண்டு தடவ ஸ்டீரிங்குல இருக்கையிலேயே கண்ணு இருட்டிருச்சி. நானா எறங்கியிருக்க மாட்டேன். ஆனா நீ எங்கிட்ட வந்து கேட்டிருக்கலாம்." அவன் என்னைப் பற்றிச் சொன்ன ஒரே குறை அதுதான். அதை ஒரு முறைக்கு மேல் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்து டாக்டர் எங்கள் இருவரையும் வரச்சொன்னார். மேசையில் இரண்டு தாள்கள் இருந்தன. எனக்கும் அதே மரபணுவில் அதே இடத்தில் அதே முறிவு. எனக்கும் பாதி அளவுதான். எனக்கு ஏன் நோயில்லை என்று கேட்டேன். சிலருக்குப் பாதியே போதுமானதாக இருந்துவிடுகிறது, சிலருக்கு இல்லை, ஏன் என்று முழுதாகத் தெரியவில்லை என்றார். தெரியவில்லை என்பதை அவர் மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்தது. பிறகு, என் மஜ்ஜையை அண்ணனுக்குக் கொடுப்பது அவன் குறையை அவனுக்கே திரும்பக் கொடுப்பது போலாகும், அதனால் முடியாது என்றார். நான் அவரிடம் வாதாடினேன். முப்பது வயது தாண்டியும் ஒரு காய்ச்சல்கூடப் பெரிதாக வராத உடம்பு என்னுடையது, என் அணுக்கள் அடங்கத் தெரிந்தவைதானே என்றேன். என் உடம்பில் அடங்குபவை அவன் உடம்பில் அடங்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது என்றார். உலகத்தில் அவனுக்கு எல்லா வகையிலும் பொருந்திய ஒரே ஆள் நான். நோய்வரைக்கும் பொருந்திப்போனேன்.

அண்ணன் தன் உடைந்த மலாயில் டாக்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டான், தங்கச்சிக்கும் இது வருமா என்று. வரலாம், வராமலும் போகலாம், வருடா வருடம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். வெளியே வந்ததும், ஆட்கள் போய்வரும் நடைபாதையிலேயே என்னை நிறுத்தி, என் சேலைத் தலைப்பை ஒதுக்கி, இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஈறுல ரத்தம் வருதா? வயிறு எப்பிடி? பொய் சொல்லாத." எதுவுமில்லை என்று நான் சொல்லச் சொல்ல மறுபடியும் பார்த்தான். அன்று பஸ்ஸில் மலையேறும்போது, எனக்குக் குழந்தை இல்லாததற்காக முதல்முறையாக நிம்மதிப்பட்டேன். நிம்மதிப்பட்டதற்காக வெட்கமும் பட்டேன்.

வேறு யாரும் பொருந்தவில்லை. அண்ணன் மாதம் ஒரு முறை கோலாலம்பூருக்குப் போய் அந்த மருந்தை ஏற்றிக்கொண்டான். ஆறாவது மாதம் கழுத்துக் கட்டிகள் கரைந்தன. வயிறு அடங்கியது. ஏழாவது மாதம் ரிங்லெட்டில் மாமாக் சாப்பாட்டுக் கடைக்கு என்னை அழைத்துப்போய், பயப்படாமல் ரொட்டி சானாய் தின்றான். தோட்டத்தில் லாரி திரும்பக் கிடைக்கவில்லை. டாக்டரிடம் கடிதம் வாங்கிக் கொடுத்து, எங்கள் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வேனை ஓட்டச் சேர்ந்தான். இரண்டு பெற்றோர்கள் தலைமையாசிரியரிடம் வந்து, குடிகாரன் வேனில் பிள்ளையை அனுப்ப மாட்டோம் என்றார்கள். நான் அறைக்கு வெளியே நின்று கேட்டேன். தலைமையாசிரியர்தான் கடிதத்தைக் காட்டிப் பேசி அனுப்பினார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை என்பதை இங்கே எழுதித்தான் ஆகவேண்டும். அண்ணன் மூன்று வருடங்கள் அந்த வேனை ஓட்டினான். அவனைக் கடைசியாக ஏற்றுக்கொண்டவர்கள் பிள்ளைகள் இல்லை, அவர்கள் முதல் வாரத்திலேயே ஒட்டிக்கொண்டார்கள். பெரியவர்களுக்குத்தான் நாளானது.

ஒரு மழைக்காலத்தில் சளி நெஞ்சில் இறங்கியது. அடக்கும் மருந்து தொற்றை எதிர்க்கும் பலத்தையும் கொஞ்சம் குறைத்துவிடும் என்று எங்களுக்கு முன்பே எச்சரித்திருந்தார்கள். நுரையீரலோ முன்பே தழும்பேறியது. தாப்பா ரோட்டில் மண்சரிந்து ஒரு நாள் வழி அடைபட்டிருந்தது. சிம்பாங் பூலாய் வழியாகச் சுற்றிக்கொண்டு ஈப்போவுக்குக் கொண்டுபோனோம். ஒன்பது நாள் இருந்தான். பேச முடிந்த கடைசி நாளில், வேன் சாவி டாஷ்போர்டில் இருப்பதையும், இடது பக்கப் பின்கதவு சரியாகப் பூட்டாது, பிள்ளைகள் ஏறியதும் இழுத்துப் பார்க்க வேண்டும் என்பதையும் புது டிரைவரிடம் சொல்லச் சொன்னான். நாற்பத்திரண்டு வயது.

பதினாறாம் நாள் கருமாதிக்கு லயம் முழுக்க வந்திருந்தது. சாப்பாடு பரிமாறும்போது ஒரு பெரியவர், அண்ணனைத் தூக்கி வளர்த்தவர், உண்மையான துக்கத்தோடுதான் சொன்னார். "தங்கமான பையன். என்னா செய்யிறது, அப்பன் மாதிரியே தண்ணியில போயிட்டான்." பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். என் கையில் ரசவாளி இருந்தது. அதைக் கீழே வைத்தேன்.

"எங்க அண்ணன் குடிக்கல மாமா," என்றேன். "ஒரு நாளும் குடிக்கல. குடிக்கிறான்னு கிராணி ஐயாகிட்டப் போயிச் சொன்னது நான்தான். நான் சொன்னது பொய்."

நான் நின்றபடியே சொன்னேன். தட்டணுவிலிருந்து தொடங்கி, முகம் ஏன் வீங்கியது, கை ஏன் நடுங்கியது, லாரி ஏன் ஏரிக்கரையில் நின்றது, எல்லாவற்றையும். ஏற்பி, மரபணு என்ற சொற்களை விட்டுவிட்டு, அண்ணன் சொன்னபடியே, பிரேக் பாதிதான் பிடித்தது என்று சொன்னேன். அது எனக்கும் இருக்கிறது என்று சொன்னேன். அப்பாவுக்கும் இருந்திருக்கலாம் என்று சொன்னபோது, அதுவரை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அம்மா திரும்பினார். "குடிச்சாருதான். வயித்து வலிக்குத்தான் குடிக்கிறேன்னு சொல்லுவாரு. நான் ஒரு நாளும் நம்புனதில்ல" என்றார். யாரிடமும் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொண்டார். அந்தப் பெரியவர் எழுந்து, கை கழுவாமலேயே, அண்ணன் படத்துக்கு முன்னால் போய் நின்றார்.

கூட்டம் கலைந்த பிறகு, பாத்திரம் கழுவும் இடத்துக்கு என் சித்தப்பா மகள் வந்தாள். எனக்குத் தங்கை முறை. கம்போங் ராஜாவில் காய்கறித் தோட்டத்தில் வேலை செய்பவள். ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, எம் மவளுக்குக் கழுத்துல கட்டி இருக்கு. மாசத்துல பாதி நாளு வயித்தால போகுது. பள்ளிக்கூடம் போகாம இருக்க நடிக்கிறான்னு நான் அடிச்சிருக்கேன்க்கா." பிள்ளைக்குப் பதின்மூன்று வயது. அப்பாவும் சித்தப்பாவும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். சித்தப்பாவுக்கு எதுவும் வந்ததில்லை, இவளுக்கும் வந்ததில்லை. மூன்றாம் தலைமுறையில் அந்தப் பிள்ளையிடம் வந்து நின்றிருக்கிறது. நான் அடுத்த வாரமே அவர்களை அழைத்துக்கொண்டு கோலாலம்பூருக்குப் போனேன். இந்த முறை டாக்டர் பழைய சீட்டுகளைப் பரப்ப வேண்டியிருக்கவில்லை. எதைத் தேட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அண்ணனுக்குப் பதினான்கு வருடங்கள் கழித்துக் கிடைத்த பதில் இவளுக்கு ஏழு வாரத்தில் கிடைத்தது.

இப்போது ஒன்றரை வருடமாகிறது. என் இரத்தத்தையும் வருடத்துக்கு ஒரு முறை பார்க்கிறார்கள். இதுவரை ஒன்றுமில்லை. இரவில் வயிறு கொஞ்சம் வலித்தால்கூட விழித்துக்கொண்டு கிடப்பேன், அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். அந்தப் பிள்ளை மாதாமாதம் அண்ணனுக்கு ஏற்றிய அதே மருந்தை ஏற்றிக்கொள்கிறாள். அவள் அம்மாவுக்கு வேலையை விட்டு வர முடியாத மாதங்களில் நான்தான் கூடப் போகிறேன். போன மாதமும் போனேன். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, கையில் ஊசியோடு, மருந்துப் பையிலிருந்து துளித்துளியாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிறமே இல்லாத மருந்து, தண்ணீர் போல. அரைமணி நேரத்தில் முடிந்துவிட்டது. நர்ஸ் ஊசியை எடுத்துப் பஞ்சை ஒட்டினார். கீழே கேண்டீனுக்கு இறங்கினோம். நாசி லெமாக் சோறு கேட்டாள். வாங்கிக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். நிமிராமல் தின்றாள். சம்பலை விரலால் வழித்தாள். இலையில் ஒரு பருக்கை மீதி வைக்கவில்லை. பிறகு நிமிர்ந்து, கொஞ்சம் தயங்கி, "இன்னும் பசிக்குது பெரியம்மா" என்றாள். நான் எழுந்து போய் வரிசையில் நின்றேன்.